ஐந்து ஏக்கர் காப்பியும் அடுத்தவன் தராசும்

தோட்டத்துக்குத் தோட்டம் கூட்டத்துக்குப் போகிறவர்கள் நாம். கிளைக் கூட்டம் முடிந்து, தேத்தண்ணி ஆற்றும் நேரத்தில், எந்தத் தோட்டமானாலும் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "என்னதான் சம்பள ஒப்பந்தம் பேசுனாலும், சொந்தமா ஒரு அஞ்சு ஏக்கர் இருந்தா நான் ஏன் அண்ணே பெரட்டுக்கு நிக்கணும்?" என்பார் ஒருவர். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நான்கு தலைமுறையாக அடுத்தவன் காட்டை வெட்டித் திருத்தி, அடுத்தவன் மரத்தில் பால் எடுத்து, அடுத்தவன் செம்பனைக் குலையை அறுத்துப் போட்டவனுக்கு அந்த ஆசை வராமல் வேறு யாருக்கு வரும்? தப்பே இல்லை.

ஆனால் அந்த ஆசை ஒரு இடத்தில் நிறைவேறிய கதை ஒன்று உண்டு. கரும்புத் தோட்டத்துக் கூலிகள் வெளியேறி, மலைச்சரிவில் ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்று எடுத்து, குடும்பம் குடும்பமாகக் காப்பித் தோட்டம் போட்டார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தோட்டப் பாட்டாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இடம் ஹவாய்த் தீவுகளில் உள்ள கோனா. நமக்குத் தோட்டப் பள்ளியில் ஹவாய் என்றால் எரிமலை என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எரிமலையின் சரிவில்தான் காப்பி விளைகிறது. ஹுவாலலாய், மவுனா லோவா என்ற இரண்டு மலைகளின் மேற்குச் சரிவில், கடலுக்கு மேலே சுமார் 500 அடியிலிருந்து 3,000 அடி வரை ஒரு பட்டைபோல ஓடுகிறது அந்தக் காப்பி நிலம். மண் என்று சொல்லுவதற்குக்கூட அதிகம் இல்லை, எரிமலைப் பாறைதான். காலையில் நல்ல வெயில். மத்தியானம் ஆனால் மேகம் வந்து குடை பிடிக்கும். காப்பிச் செடிக்கு அதுதான் வேண்டும். 1828-ல் சாமுவேல் ரகிள்ஸ் என்ற பாதிரியார் அங்கே கொண்டுபோய் நட்டதாக வரலாறு.

அந்தத் தீவுகளில் அப்போது கரும்புதான் ராஜா. கரும்பு முதலாளிகள் ஆள் தேடிச் சீனாவுக்குப் போனார்கள், பிறகு ஜப்பானுக்குப் போனார்கள். 1885-ல் ஜப்பானிய அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து முதல் கப்பல் ஆட்களை இறக்கினார்கள். மூன்று வருட ஒப்பந்தம். ஆணுக்கு மாதச் சம்பளம் 9 டாலர், சாப்பாட்டுக்கு 6 டாலர். மாதம் 26 நாள் வேலை, வயலில் பத்து மணி நேரம், ஆலையில் பன்னிரண்டு மணி நேரம். கழுத்தில் நம்பர் போட்ட ஒரு உலோகத் தகடு தொங்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குதிரை மேல் உட்கார்ந்து மேய்க்கிறவனுக்கு 'லூனா' என்று பெயர். ஒப்பந்தத்தை முறித்து ஓடினால் சட்டப்படி குற்றம்.

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சஞ்சிக் கூலியும் கங்காணியும் தெரிந்தவர்களுக்கு லூனாவைத் தெரியாதா? மலாயாவில் சஞ்சிமுறை 1910-ல் ஒழிந்தது, கங்காணி மூலம் ஆள் கட்டி வருவது 1938-ல் நின்றது. ஹவாய் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்து, 1900-ல் ஒப்பந்தக் கூலிமுறை செல்லாது என்று ஆனது. அதற்கு முன்பே ஓடிப்போனவர்கள் பலர் ஒளிந்துகொண்ட இடம் கோனா. கரும்புத் தோட்டங்களுக்கு எட்டாத தூரம். பெயரை மாற்றிக்கொண்டு, காப்பிக் காட்டில் வேலை செய்து பிழைத்தார்கள்.

நம் கதையும் அவர்கள் கதையும் ஒரே விலைவீழ்ச்சியில் பிரிந்து போனதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

கித்தா வருவதற்கு முன்னால் மலாயாவில் வெள்ளைக்காரன் போட்டது காப்பி. இது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்கும் முன்னால் இலங்கை மலைகளில் நம் மக்களை வைத்துக் காப்பி போட்டார்கள். 1869-ல் அங்கே இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்தில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. இலங்கையில் கை சுட்டுக்கொண்ட துரைமார்களில் சிலர் சிலாங்கூருக்கு வந்து மறுபடி காப்பி போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் பெரியவர்கள் கப்பலேறி வந்து முதலில் கொத்திய குழிகளில் காப்பிக் குழிகளும் உண்டு. 1890-களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்தது. விலை விழுந்தது. இங்கே புழுவும் சேர்ந்து இலையைத் தின்றது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டுக் கித்தா நட்டார்கள். செடிதான் மாறியது. துரை துரையாகவே இருந்தார், கூலி கூலியாகவே இருந்தார்.

அதே விலைவீழ்ச்சி கோனாவையும் அடித்தது. 1899-ல் அங்கிருந்த பெரிய காப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. கித்தாவுக்கு மாறலாம், கரும்புக்கு மாறலாம் என்றால் அந்தப் பாறை நிலத்தில் கரும்பு சரிப்படாது. முதலாளிகள் நிலத்தை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் என்று கூறு போட்டு, வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோனாக் காப்பியில் பெரும்பகுதி ஜப்பானியக் குடும்பங்களின் கையில் இருந்தது.

நம் நாட்டிலும் தோட்டங்களைக் கூறு போட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் நடந்த தோட்டத் துண்டாடலை அனுபவித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றன, வியாபாரிகள் வாங்கித் துண்டு துண்டாக வேறு ஆட்களுக்கு விற்றார்கள். கோனாவில் துண்டாடியபோது துண்டு தொழிலாளி கைக்கு வந்தது. இங்கே துண்டாடியபோது தொழிலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைக் காலி செய்தார்.

சரி, ஐந்து ஏக்கர் கிடைத்தவன் எப்படி வாழ்ந்தான்?

சங்கு இல்லை. பெரட்டு இல்லை. லூனா இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மனிதன் காலையில் எழுந்து, இன்றைக்கு எந்த மூலையில் களை எடுப்பது என்று தானே முடிவு செய்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் வேலை குறையவில்லை. காப்பிப் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் பறிக்க வேண்டும், பச்சையை விட்டுவிட வேண்டும். சில வாரம் கழித்து அதே மரத்துக்குத் திரும்ப வர வேண்டும். ஆகஸ்டில் தொடங்கினால் ஜனவரி வரை இழுக்கும். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, கொக்கிக் கம்பால் கிளையை வளைத்து, கம்பின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு பறிப்பார்கள். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிக் கழுதை மேல் ஏற்றுவார்கள். அந்தக் கழுதைகளின் கத்தலுக்குக் 'கோனாக் குயில்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். கஷ்டப்படுகிறவனுக்குத்தான் இப்படிக் கிண்டல் வரும், நம் லயத்துப் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பழத்தை அன்றைக்கே அரைவை இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். வழவழப்பு போக இரவு முழுவதும் தொட்டியில் ஊற வைக்க வேண்டும். காலையில் கழுவி வெயிலில் பரப்ப வேண்டும். அங்கேதான் ஜப்பானியர்களின் தச்சு வேலை. 'ஹோஷிதானா' என்று ஒரு காயவைக்கும் மேடை கட்டினார்கள். உயரமான பலகைத் தளம், அதற்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் தகரக் கூரை. வெயில் வந்தால் கூரையைத் தள்ளிவிடுவது, மழை வந்தால் இழுத்து மூடுவது. மத்தியானத்தில் மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு ஆள், பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சமைத்து, துவைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, நடுவில் ஓடிப்போய்க் கூரையை இழுத்து, காப்பியைப் பலகைக் கொத்தால் கிளறி விட்டுவிட்டு மறுபடி அடுப்படிக்கு வர வேண்டும். ஏறக்குறைய ஏழு இறாத்தல் பழம் பறித்தால்தான் ஒரு இறாத்தல் வறுத்த காப்பி.

இதில் யாருக்கு என்ன சம்பளம்? யாருக்கும் கிடையாது. குடும்பத் தோட்டம் என்று சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூலி போடாததால்தான் அந்தத் தோட்டம் நின்றது. 1932-ல் கோனாப் பள்ளிக்கூடங்களின் நீண்ட விடுமுறையையே மாற்றி, காப்பிப் பறிப்புக் காலமான ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வைத்தார்கள். 1969 வரை அப்படியே நடந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் படிக்கப் போகும்போது கோனாப் பிள்ளைகள் கூடை கட்டினார்கள். நம் பிள்ளைகள் அப்பாவோடு ஒட்டுப்பால் பொறுக்கவும், உதிரிப் பழம் பொறுக்கவும் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே அதற்காகப் பள்ளி நாட்காட்டியையே மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்துத் தராசுக்கு வருவோம்.

நிலம் குத்தகை. பல இடங்களில் விளைச்சலில் பாதி வாரம். மீதிப் பாதியை விற்கலாம் என்றால் ஆலை இரண்டு பெரிய கம்பெனிகளின் ஆதிக்கத்தில் இருந்தது. அரிசி, மீன், உரம், சாக்கு எல்லாம் கம்பெனியோடு தொடர்புள்ள கடையில் கடனுக்கு எடுக்க வேண்டும். கடனுக்கு ஈடு வரப்போகும் காப்பி. பறித்து முடித்தவுடன் காப்பி ஆலைக்குப் போகும். எடை போடுகிறவன் அவன். தரம் சொல்லுகிறவன் அவன். விலை வைக்கிறவனும் அவன். கடையில் பற்று எழுதுகிறவனும் அவன் ஆள். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் குடும்பத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை, சில வருடம் பாக்கிதான். தாங்க முடியாத சிலர் சில சாக்குகளை இராத்திரியோடு இராத்திரியாக வேறு ஆலைக்காரனிடம் கொண்டுபோய் விற்றார்கள். தன் காப்பியைத் தானே திருடி விற்கிற நிலைமை!

1930-களில் உலகமே விலைவாசியில் படுத்தபோது கோனா நொந்து போனது. கடன் தலைக்கு மேல் ஏறி, பல குடும்பங்கள் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. விலை கேட்டுப் பேச அவர்களுக்கு ஒரு பலமான அமைப்பு இல்லை. 1952 வரை ஜப்பானிலிருந்து வந்த அந்தப் பெரியவர்களுக்குக் குடியுரிமையே கேட்க முடியாது. சிவப்பு அடையாளக் கார்டோடு காலத்தை ஓட்டிய நம் பெரியவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

இந்தப் பக்கம், கரும்புத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களையும் பார்க்க வேண்டும். அவர்கள் 1909-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். 1920-ல் பிலிப்பினோத் தொழிலாளர்களும் சேர்ந்து நின்றார்கள், அப்போதும் தோற்றார்கள். 1946-ல் இனம் பார்க்காமல் ஒரே சங்கமாக, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், 79 நாள் நின்றார்கள். அந்த முறை வென்றார்கள். அதற்குப் பிறகு ஹவாய்க் கரும்புத் தொழிலாளி உலகத்திலேயே நல்ல கூலி வாங்கும் விவசாயத் தொழிலாளிகளில் ஒருவர் ஆனார். சங்கத்துக்காரர்கள் நாம், இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016-ல் மூடப்பட்டது. முதலாளி கணக்குப் பார்த்தார், மூடினார். கோனாவில் அந்தச் சின்னச் சின்னக் காப்பித் தோட்டங்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐந்து ஏக்கருக்கும் குறைவு. நிலத்தோடு ஒட்டிக்கொண்டவனை அவ்வளவு சுலபமாக மூட முடியவில்லை.

அவர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம், 1950-களில் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சொந்த ஆலை வைத்தது. பிரேசிலில் பனி விழுந்து உலக விலை ஏறியதும் அந்தக் காலத்தில் கைகொடுத்தது. பிறகு பிள்ளைகள் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள், கிழவர்களும் கிழவிகளும் மட்டும் காப்பி பறித்தார்கள். தோட்டம் மறைந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் 1980-களில் கோனாக் காப்பிக்குப் பெயர் வந்தது. விலை ஏறியது.

பெயர் வந்தவுடன் பெயரைத் திருடுகிறவனும் வந்தான். கலிபோர்னியாவில் ஒரு வியாபாரி மத்திய அமெரிக்கக் காப்பியை வாங்கிச் சாக்கை மாற்றிக் 'கோனா' என்று வருடக்கணக்கில் விற்றது 1996-ல் பிடிபட்டது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது சட்டத்தை மீறிய திருட்டு. சட்டத்தோடு நடந்தது இன்னொன்று. பத்து இறாத்தல் காப்பியில் ஒரே ஒரு இறாத்தல் கோனா இருந்தால் போதும், பையில் கோனாக் கலவை என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஹவாய் மாநிலமே 1991-ல் சட்டம் போட்டது. மீதி ஒன்பது எந்த ஊர்க் காப்பியோ! மாநிலத்துக்கு வெளியே விற்றவர்கள் அந்த ஒன்றைக்கூடப் போடுவதில்லை என்று கோனா விவசாயிகள் 2019-ல் சியாட்டல் நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குப் போட்டார்கள். பல பெரிய கடைகளும் காப்பிக் கம்பெனிகளும் சமரசத்துக்கு வந்து, மொத்தம் 4 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டன. தனி ஒரு ஐந்து ஏக்கர்காரரால் அந்த வழக்கின் முதல் நாள் செலவைக்கூடத் தாங்கியிருக்க முடியாது. 2024-ல் மாநிலச் சட்டமும் திருத்தப்பட்டது. 2027 ஜூலை முதல் குறைந்தது 51 விழுக்காடு கோனா இருந்தால்தான் அந்தப் பெயர் போட முடியும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது, பத்தை ஐம்பத்தொன்றாக்க.

இதற்கிடையில் 2010-ல் காய்த்துளைப்பான் வண்டு வந்தது. 2020-ல் இலைத்துரு வந்தது. ஆம், இலங்கைக் காப்பியை அழித்த அதே நோய்தான், நூற்றைம்பது வருடம் கழித்து.

இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. இன்றைக்குக் கோனாவில் பழம் பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். எடைக்குக் கூலி. பருவம் முடிந்தால் வேறு இடம். நூறு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் தகடு மாட்டியவனின் இடத்தில் இன்று இவர்கள் நிற்கிறார்கள். நம் செம்பனைக் காட்டில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியும் நிற்பதுபோல. சின்னத் தோட்டம் என்பதற்காகக் கூலிக்காரனின் எடை சரியாக இருந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அங்கேயும் யாராவது போய்த் தராசைப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஏக்கர் ஆசைக்கு வருவோம். நம் மக்கள் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம். துண்டாடலுக்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார். 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்று கூறு போடாமல், தோட்டத்தை முழுதாக வைத்துக்கொண்டு எல்லாரும் பங்குக்காரர் ஆவது என்ற யோசனை அது. கோனாக்காரர்களுக்கு ஆலை இல்லாமல் போன குறையை இது ஆரம்பத்திலேயே தவிர்த்தது. அன்றைக்குப் பங்கு வாங்கிய தாத்தாவின் பத்திரம் பெட்டிக்குள் கிடக்கிறதா என்று எத்தனை பேரன்கள் பார்த்தார்கள்? பார்த்து, வாரிசுப் பெயருக்கு மாற்றி, ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டாமா?

தனியாக நிலம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் நாலைந்து ஏக்கர் வாங்கிச் செம்பனை போட்ட குடும்பங்களை நாம் பார்த்து வருகிறோம். அவர்கள் குலையை லாரியில் ஏற்றி எடைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தண்ணீர் என்று கழிப்பார்கள், பச்சைக் குலை என்று கழிப்பார்கள், காம்பு நீளம் என்று கழிப்பார்கள். "கணக்கு என்னா, அவன் குடுக்கறதை வாங்கிட்டு வர்றதுதானே" என்று ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். முப்பது வருடம் சங்கத்தில் இருந்து, பால் எடையில் அரைக் கிலோ குறைந்தாலும் கிராணியிடம் சண்டைக்கு நின்றவர் அவர். சொந்த நிலம் வந்தவுடன் கேட்பதை விட்டுவிட்டார்.

சிறுதோட்டம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைச்சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, எடை, கழிவு, தரம், விலை ஐந்தையும் ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதினால் போதும். மூன்று மாதச் சீட்டுகளின் நகலை இந்தப் பகுதிக்கு அனுப்பினால், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் கழிவுக் கணக்கை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து அடுத்த மாதம் எழுதுகிறோம். பெயர் வெளியிட மாட்டோம்.